போர்ட்ஃபோலியோ சைட்ட புது பேக்கெண்டுக்கு மாத்தியாச்சு, இப்ப ஏதோ ஒண்ணு உடையுது: எங்க பாக்கணும்

போட்டோகிராஃபர், இல்லஸ்ட்ரேட்டர், வீடியோ எடிட்டர், டிரான்ஸ்லேட்டர்னு தனியா வேலை பாக்குறவங்களோட சைட்டுதான் என்கிட்ட அதிகமா வரும். கதையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், பழைய ஷேர்டு ஹோஸ்டிங்ல இருந்த வேர்ட்பிரஸ்ஸ தூக்கிட்டு ஒரு சின்ன வீபிஎஸ்ல (தனக்குன்னு வாடகைக்கு எடுத்த சர்வர்) ஜாங்கோ போட்டிருப்பாங்க, அது பைத்தான்ல எழுதுற பேக்கெண்ட், முன்னாடி வெப் சர்வரா என்ஜின்எக்ஸ், நடுவுல ஜாங்கோவ ஓட்டுற ஜியூனிகார்ன், சில பேருக்கு மேல பிரவுசர்ல ஓடுற ஒரு ரியாக்ட் ஃப்ரண்டெண்ட். லேப்டாப்ல எல்லாம் பிரமாதமா ஓடும், லைவ் போன மறுநாள் போன் வரும். அப்படி வர்ற கேஸ்ல முக்காவாசில கோடு சரியாத்தான் இருக்கும். பழசுக்கும் புதுசுக்கும் நடுவுல இருக்கிற ஒட்டுலதான் ஓட்டை, அதாவது டிஎன்எஸ் (டொமைன் பேர் எந்த சர்வருக்கு போகணும்னு சொல்றது), ஃபைல் பாத், ஒரு செட்டிங் வரி. அதனால கோட தொடுறதுக்கு முன்னாடி கீழ இருக்கிறத பாருங்க. ஒவ்வொரு தலைப்புலயும் காசு, நேரம் ரெண்டும் செலவாகாத காரணம் முதல்ல வரும்.

எந்த பிரச்சனையா இருந்தாலும் முதல்ல இத பண்ணிடுங்க

பழைய ஹோஸ்டிங்க கேன்சல் பண்ணாதீங்க, குறைஞ்சது ஒரு மாசம் விட்டு வைங்க. அங்க இருக்கிற டேட்டாபேஸ டம்ப் (ஒரே ஃபைலா முழு காப்பி) எடுத்து, அப்லோட்ஸ் ஃபோல்டரையும் ஜிப் பண்ணி உங்க லேப்டாப்ல வைங்க. அப்புறம் சைட்ட ரெண்டு விதமா திறந்து பாருங்க, ஒண்ணு இன்காக்னிடோல, இன்னொண்ணு வைஃபை ஆஃப் பண்ணிட்டு மொபைல் டேட்டால. இந்த ரெண்டுலயும் என்ன வருதுன்னு தெரியாம மேல போறதுல அர்த்தமே இல்ல, ஏன்னா பிரவுசர் பழைய ரீடைரக்ட்ட கூட ஞாபகம் வச்சுக்கும், நீங்க சரி பண்ணினப்புறமும் உடைஞ்ச மாதிரியே காட்டும்.

## சைட்டே திறக்கல

### உங்களுக்கு புது சைட் வருது, கிளையண்ட்டுக்கு பழசு வருது

டிஎன்எஸ் மாத்தி சில மணி நேரம்தான் ஆச்சுன்னா சும்மா இருங்க. பழைய ரெக்கார்டோட டிடிஎல், அதாவது பழைய பதில ஞாபகம் வச்சுக்கிற நேரம், எவ்ளோ இருந்துச்சோ அவ்ளோ நேரம் பழசுதான் வரும், நேம்சர்வரையே மாத்தியிருந்தா ரெண்டு நாள் வரைக்கும் இழுக்கும். டெஸ்ட் பண்றதுக்காக உங்க லேப்டாப் ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல ஐபி போட்டு வச்சிருந்தீங்கன்னா அத முதல்ல எடுங்க, இல்லன்னா உங்களுக்கு மட்டும் எல்லாம் சரியா தெரியும்.

ரெண்டு நாள் தாண்டியும் வீட்டு வைஃபைல புதுசு, ஜியோ சிம்ல பழசுன்னு வந்தா டிஎன்எஸ் பேனல்ல ஏஏஏஏ ரெக்கார்ட் இருக்கான்னு பாருங்க. எல்லாரும் ஏ ரெக்கார்ட மாத்துவாங்க, அது ஐபிவி4 அட்ரஸ். ஏஏஏஏ ஐபிவி6 அட்ரஸ், அது பழைய ஹோஸ்ட்ட காட்டிட்டு அப்படியே கிடக்கும். ஜியோ நெட்வொர்க் பெரும்பாலும் ஐபிவி6லதான் ஓடுது, அதனால அந்த போன்லாம் நேரா பழைய வீட்டுக்கு போயிடும். புது சர்வருக்கு ஐபிவி6 இருந்தா அந்த அட்ரஸ போடுங்க, இல்லன்னா அந்த ரெக்கார்ட டெலீட் பண்ணிடுங்க.

### 400, வெள்ளை பேஜ்ல ஒரே ஒரு வரி

ஜாங்கோல அலோவ்டு ஹோஸ்ட்ஸ் லிஸ்ட்ல உங்க டொமைன் இல்ல. முக்காவாசி நேரம் வெறும் டொமைன் இருக்கும், டபிள்யூடபிள்யூடபிள்யூ போட்டது இருக்காது. ரெண்டையும் சேருங்க, ஜியூனிகார்ன ரீஸ்டார்ட் பண்ணுங்க. ஒரு ஸ்டார் போட்டு எல்லாத்தையும் உள்ள விட சொல்லி யாராவது சொல்லுவாங்க, வேணாம்.

### 502

என்ஜின்எக்ஸ் உயிரோட இருக்கு, பின்னாடி ஆப் பதில் சொல்லலன்னு அர்த்தம். சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் அடிச்சு ஜியூனிகார்ன் ஓடுதான்னு பாருங்க. ஓடலன்னா சர்வரோட லாக்க காட்டுற ஜர்னல்சிடிஎல்ல கடைசி 50 வரி படிங்க, பதில் அங்கயே இருக்கும். மேல இருக்கிற வரிய விட்டுட்டு கடைசி வரிலருந்து மேல படிச்சுட்டு வாங்க.

ஓடுதுன்னா ரெண்டும் பேசிக்கிற சாக்கெட்டோட பாத் என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்லயும் ஜியூனிகார்ன் சர்வீஸ் ஃபைல்லயும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணான்னு பாருங்க. அதுவும் சரி, கொஞ்ச நேரம் ஓடிட்டு திரும்ப திரும்ப சாகுதுன்னா மெமரி. 1 ஜிபி ரேம் வீபிஎஸ்ல போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், ஜியூனிகார்ன் வொர்க்கர் நாலு, அது மேல அதே சர்வர்ல ஃப்ரண்டெண்ட ரெடி பண்ற என்பிஎம் பில்டும் ஓட்டினா கெர்னலே ஒரு ப்ராசஸ கொன்னுடும், கெர்னல் லாக்க காட்டுற டிமெசேஜ்ல கில்டுன்னு வரி இருக்கும். வொர்க்கர ரெண்டா குறைங்க, ரேம் பத்தாதப்ப டிஸ்க்க பயன்படுத்துற ஸ்வாப் 2 ஜிபி போடுங்க, பில்ட லேப்டாப்ல பண்ணி ஏத்துங்க. அதுக்கும் அடங்கலன்னாதான் பெரிய பிளானுக்கு காசு கட்டணும்.

டிஸ்க் ஃபுல்லா ஆனாலும் விதவிதமா உடையும். ஃப்ரீ ஸ்பேஸ ஒரு தடவ பாத்துடுங்க, லாக் ஃபைலும் பழைய பேக்கப்பும்தான் வழக்கமா தின்னு வச்சிருக்கும்.

### 500

எரர பேஜ்லயே விவரமா காட்டுற டீபக் செட்டிங்க ட்ரூ ஆக்கி லைவ்ல பாக்குற ஆசை வரும், அத பண்ணாதீங்க, உங்க கோடும் செட்டிங்கும் போற வர்றவங்களுக்கெல்லாம் தெரியும். லாக்க படிங்க. நான் அடிக்கடி பாக்குற காரணம் மூணு. டேட்டாபேஸ் டேபிள கோடுக்கு ஏத்த மாதிரி மாத்துற மைக்ரேட் கமாண்ட ஓட்டாம விட்டது, அது ரெண்டு நிமிஷ வேலை. அடுத்து என்விரான்மென்ட் வேரியபிள் (கோடுக்கு வெளிய வைக்கிற செட்டிங்), டெர்மினல்ல எக்ஸ்போர்ட் பண்ணினா கையால ஓட்டுறப்ப மட்டும்தான் வேலை செய்யும், சிஸ்டம்டி ஆரம்பிக்கிற ஜியூனிகார்னுக்கு அது போய் சேராது, சர்வீஸ் ஃபைல்ல என்விரான்மென்ட் ஃபைல்னு தனியா குடுக்கணும். மூணாவது, ஸ்டேட்டிக் ஃபைல்கள (சிஎஸ்எஸ் மாதிரி) லிஸ்ட் போட்டு வச்சுக்கிற மேனிஃபெஸ்ட் ஸ்டோரேஜ் வச்சிருக்கிறவங்களுக்கு டெம்ப்ளேட்ல சொன்ன ஒரு சிஎஸ்எஸ் ஃபைல் ஸ்டேட்டிக் ஃபோல்டர்ல இல்லன்னா கூட பேஜே 500 அடிக்கும். அந்த ஃபைல்களையெல்லாம் ஒரே ஃபோல்டர்ல சேக்குற கலெக்ட்ஸ்டேட்டிக் கமாண்ட ஓட்டினா சரியாகும்.

லாக்ல டேட்டாபேஸ் கரப்ட், இண்டெக்ஸ் உடைஞ்சுதுன்னு ஏதாவது வந்தா கைய எடுத்துடுங்க. பேக்கப்ப தொடாம ஆள கூப்பிடற இடம் அதுதான்.

### ரீடைரக்ட் ரொம்ப அதிகம்னு பிரவுசர் திட்டுது

சர்வருக்கு முன்னாடி நின்னு டிராஃபிக்க வாங்கி அனுப்புற கிளவுட்ஃப்ளேர் போட்டிருக்கீங்களா? எஸ்எஸ்எல் மோடு ஃப்ளெக்ஸிபிள்ல இருக்கும். அந்த மோடுல கிளவுட்ஃப்ளேர் உங்க சர்வர்கிட்ட பூட்டு இல்லாத எச்டிடிபில பேசும், உங்க சர்வர் எச்டிடிபிஎஸ்ஸுக்கு போன்னு சொல்லும், அது திரும்பவும் எச்டிடிபில வரும், இப்படியே சுத்திட்டு இருக்கும். சர்வர்ல சர்டிஃபிகேட் போட்டுட்டு ஃபுல் ஸ்ட்ரிக்ட்டுக்கு மாத்துங்க.

கிளவுட்ஃப்ளேர் இல்லன்னா ஜாங்கோல எஸ்எஸ்எல் ரீடைரக்ட் ஆன்ல இருந்து, வந்தது எச்டிடிபிஎஸ்தான்னு சொல்ற ஃபார்வர்டட் ப்ரோட்டோ ஹெடர என்ஜின்எக்ஸ் அனுப்பாம இருக்கும், இல்ல ஜாங்கோவுக்கு அத நம்பச் சொல்ற ப்ராக்ஸி எஸ்எஸ்எல் ஹெடர் செட்டிங் இருக்காது. ரெண்டும் ஆளுக்கு ஒரு வரி.

### மூணு மாசம் நல்லா ஓடிட்டு திடீர்னு பாதுகாப்பு இல்லன்னு வருது

லெட்ஸ் என்க்ரிப்ட் சர்டிஃபிகேட்டுக்கு ஆயுள் 90 நாள். அத செர்ட்பாட்ங்கற டூல் தானா புதுப்பிக்கணும், பண்ணல. டிரை ரன் ஓட்டி பாருங்க. பாதுகாப்புன்னு நெனச்சு ஃபயர்வால்ல போர்ட் 80ஐ மூடியிருப்பாங்க, டொமைன் உங்களுதான்னு செக் பண்ற சாதாரண எச்டிடிபி சேலஞ்சுக்கு அந்த போர்ட் வேணும். திறந்துட்டு ரின்யூ பண்ணுங்க.

## திறக்குது, ஆனா பாக்க சகிக்கல

### டிசைனே இல்ல, வெறும் எழுத்தும் நீல லிங்கும்

எஃப்12 அழுத்தி நெட்வொர்க் டேப்ல சிஎஸ்எஸ் ஃபைலுக்கு என்ன நம்பர் வருதுன்னு பாருங்க. 404 வந்தா கலெக்ட்ஸ்டேட்டிக் ஓட்டல, இல்ல என்ஜின்எக்ஸ்ல ஸ்டேட்டிக் பாத் தப்பு. டீபக் ட்ரூவா இருந்த வரைக்கும் ஜாங்கோவோட டெவ் சர்வர் ரன்சர்வரே ஸ்டேட்டிக்க குடுத்துச்சு, ஃபால்ஸ் ஆக்கினதும் அது கைய விரிச்சுடும். என்ஜின்எக்ஸ் பக்கம் போக பயமா இருந்தா ஜாங்கோவே ஸ்டேட்டிக்க குடுக்க வைக்கிற ஒயிட்நாய்ஸ் பேக்கேஜ போட்டுடுங்க, போர்ட்ஃபோலியோ சைஸுக்கு அது தாராளம்.

403 வந்தா வேற கதை. உபுண்டு 21.04லருந்து ஹோம் ஃபோல்டர வேற யூசர் எட்டிப் பாக்க முடியாது, பர்மிஷன் 750. உங்க ப்ராஜெக்ட் ஹோம்குள்ள இருந்தா என்ஜின்எக்ஸோட யூசர் கதவுலயே நின்னுடும். பழைய டுடோரியல்ல இது இருக்காது, அதனால ஆளுங்க மணிக்கணக்கா கான்ஃபிக்க மாத்திட்டு இருப்பாங்க. ஸ்டேட்டிக், மீடியா ரெண்டையும் ஹோமுக்கு வெளிய வைங்க, /var ஃபோல்டருக்குள்ள ஒரு இடம் போதும். யாரு வேணா எழுதலாம்ங்கற 777 பர்மிஷன மட்டும் போட்டுடாதீங்க.

### சில போட்டோ வருது, சிலது வரல

வராத போட்டோவோட பேர பாருங்க. விண்டோஸ்ல ஜேபிஜி கேப்பிடல்ல இருந்தாலும் ஸ்மால்ல இருந்தாலும் ஒண்ணுதான், லினக்ஸுக்கு அது ரெண்டு வேற ஃபைல். கேமராலருந்து நேரா வர்ற ஃபைல் பெரும்பாலும் கேப்பிடல் எக்ஸ்டென்ஷன்லதான் இருக்கும், அதனால போட்டோகிராஃபர் சைட்ல இது நிச்சயம் வரும்.

பேர் சரின்னா பழைய போஸ்ட்டுக்குள்ள இருக்கிற இமேஜ் லிங்க் எங்க போகுதுன்னு பாருங்க. வேர்ட்பிரஸ் கன்டென்ட்ட அப்படியே இம்போர்ட் பண்ணியிருந்தா டபிள்யூபி-கன்டென்ட் அப்லோட்ஸ் பாத் உள்ளயே பதிஞ்சிருக்கும். ஒவ்வொரு போஸ்ட்டா திருத்தாதீங்க, என்ஜின்எக்ஸ்ல அந்த பாத்த புது மீடியா ஃபோல்டருக்கு திருப்பி விடுங்க.

### எல்லா போட்டோவும் வந்துச்சு, அடுத்த டெப்ளாய்ல மொத்தமும் காணோம்

வீபிஎஸ் இல்லாம ரெண்டர் மாதிரி ஹோஸ்டிங் சர்வீஸ்ல வச்சிருக்கிறவங்களுக்கு இது. அந்த டிஸ்க் தற்காலிகம், ஒவ்வொரு டெப்ளாய்லயும் (புது கோட ஏத்துறப்ப) புதுசா பிறக்கும். காசு கட்டி பர்சிஸ்டென்ட் டிஸ்க் வாங்குங்க, இல்ல போட்டோவ அமேசானோட எஸ்3 மாதிரி தனி ஸ்டோரேஜுக்கு மாத்துங்க. போனது போனதுதான், அதுக்குத்தான் மேலயே ஜிப் எடுத்து வைக்க சொன்னேன்.

## ப்ராஜெக்ட் லிஸ்ட் காலியா இருக்கு

### உங்க லேப்டாப்ல மட்டும் வருது

எனக்கு ரொம்ப புடிச்ச கேஸ் இது. நீங்க லைவ் சைட்டத்தான் திறக்குறீங்க, 14 ப்ராஜெக்ட்டும் அழகா தெரியுது, கிளையண்ட் திறந்தா லோடிங் சுத்திட்டே இருக்கு, அவரு நெட்டு ஸ்லோன்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணிடுவீங்க. நெட்வொர்க் டேப்ல ஏபிஐ கால் (பேக்கெண்ட்கிட்ட டேட்டா கேக்குற ரிக்வெஸ்ட்) எங்க போகுதுன்னு பாருங்க, லோக்கல்ஹோஸ்ட் 8000னு இருக்கும், அதாவது திறக்குறவங்களோட சொந்த மெஷின். உங்க லேப்டாப்ல டெவ் சர்வர் ஓடிட்டு இருக்கு, லைவ் சைட் உங்க மெஷின்லருந்தே டேட்டாவ எடுத்து உங்களுக்கே காட்டுது. டெவ் சர்வர நிறுத்திட்டு ரிஃப்ரெஷ் பண்ணினா உங்களுக்கும் காலியாயிடும்.

ஏபிஐ அட்ரஸ என்விரான்மென்ட் ஃபைல்ல மாத்துங்க, மாத்திட்டு மறுபடி பில்ட் பண்ணுங்க. வீட் (Vite) மாதிரி பில்ட் டூலெல்லாம் அந்த வேல்யூவ பில்ட் பண்றப்பவே உள்ள வச்சு தச்சுடும், சர்வர்ல போய் மாத்தி ரீஸ்டார்ட் பண்ணினா ஒண்ணும் நடக்காது.

### யாருக்குமே வரல, கன்சோல்ல சிவப்பா கோர்ஸ்னு கத்துது

கோர்ஸ்னா வேற டொமைன்லருந்து டேட்டா எடுக்க பிரவுசர் எதிர்பாக்குற அனுமதி. ஃப்ரண்டெண்ட் டொமைன பேக்கெண்ட்ல அலோவ்டு ஆரிஜின்ஸ்ல சேருங்க, முன்னாடி எச்டிடிபிஎஸ் வேணும், கடைசில ஸ்லாஷ் கூடாது. சேத்தப்புறமும் கத்துச்சுன்னா பேக்கெண்ட் 500 அடிக்குதான்னு பாருங்க, எரர் பேஜ் அந்த அனுமதி ஹெடர் இல்லாம வந்தா பிரவுசர் பழிய கோர்ஸ் மேலதான் போடும்.

### ஹோம்லருந்து போனா வருது, அதே பேஜ ரிஃப்ரெஷ் பண்ணினா 404

பேஜ் மாத்துறத பிரவுசருக்குள்ளயே பண்ற ரியாக்ட் ரவுட்டர்தான் காரணம். அந்த பாத்ல நிஜமா ஒரு ஃபைல் கிடையாது. எதுவும் கிடைக்கலன்னா இண்டெக்ஸ் ஃபைல குடுன்னு என்ஜின்எக்ஸ் ட்ரை ஃபைல்ஸ் வரில சொல்லுங்க.

## தமிழ் எழுத்து உடைஞ்சிருக்கு

இத கொஞ்சம் நிதானமா பாக்கணும், ஏன்னா இங்க அவசரப்பட்டா இருக்கிறதும் போயிடும்.

### விசித்திர எழுத்தா வருது

ஸ்மால் ஏ மேல ஒரு சின்ன கோடு, பக்கத்துல வட்டத்துக்குள்ள ஆர், இதே ஜோடி திரும்ப திரும்ப வந்தா சந்தோஷப்படுங்க, உங்க தமிழ் பத்திரமா இருக்கு. எல்லா மொழியையும் எழுதுற யூடிஎஃப்-8 முறைல ஒவ்வொரு தமிழ் குறியும் மூணு பைட், அத யாரோ ஐரோப்பிய எழுத்துக்கான பழைய லேட்டின்1 முறைன்னு நெனச்சு ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தா படிச்சிருக்காங்க. வேர்ட்பிரஸ்ஸோட பழைய மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் டேபிள் லேட்டின்1னு பேர் வச்சுட்டு உள்ள யூடிஎஃப்-8 பைட்ட சுமந்துட்டு இருந்திருக்கும். டம்ப் எடுக்குறப்ப கேரக்டர் செட்ட லேட்டின்1னு குடுத்து எடுத்துட்டு, ஃபைலுக்குள்ள லேட்டின்1னு இருக்கிற இடத்த யூடிஎஃப்8எம்பி4னு மாத்தி, ஒரு டெஸ்ட் டேட்டாபேஸ்ல ஏத்தி பாருங்க. லைவ்ல நேரா பண்ணாதீங்க.

### கேள்விக்குறியா வருது

இம்போர்ட்ல எழுத்து நிஜமாவே அழிஞ்சுடுச்சு, புது டேட்டாபேஸ்லருந்து மீட்க முடியாது. பழைய ஹோஸ்டிங் இன்னும் இருந்தா மறுபடி டம்ப் எடுத்து வாங்க. அங்கயும் கேள்விக்குறிதான்னா ஆள கூப்பிடுங்க, பழைய பேக்கப் ஏதாவது ஹோஸ்ட்கிட்ட இருக்கான்னு கேக்கணும்.

தமிழ் நல்லா வருது, எமோஜி மட்டும் வரலன்னா டேபிள் பழைய மூணு பைட் யூடிஎஃப்8ல இருக்கு. எமோஜிக்கு நாலு பைட் வேணும், யூடிஎஃப்8எம்பி4க்கு மாத்துங்க.

### தமிழ் தலைப்பு வச்ச பேஜ் லிங்க் கன்னாபின்னான்னு இருக்கு

தலைப்புலருந்து லிங்க் வார்த்தைய (ஸ்லக்) எடுக்குற ஜாங்கோ ஸ்லக்கிஃபைய அப்படியே விட்டா தமிழ மொத்தமா தூக்கி போட்டுடும், ஸ்லக் காலி. சரின்னு அலோ யூனிகோட் ட்ரூ போட்டா இன்னும் மோசம், ‘தமிழ்’னு குடுத்தா ‘தமழ’ன்னு வரும். பைத்தான் ரெஜெக்ஸ் (எழுத்து தேடுற விதி) நம்ம கொம்பு, கால், புள்ளி எதையும் எழுத்துன்னு ஒத்துக்காது, அதான் உதிந்துடுது. அது மட்டும் இல்ல, யூஆர்எல் பேட்டர்ன்ல ஸ்லக் கன்வர்ட்டர் ஆங்கில எழுத்து, நம்பர், ஹைஃபன், அண்டர்ஸ்கோர் தவிர எதையும் எடுக்காது, தமிழ் லிங்க்னா 404தான்.

ஸ்லக்க கையால ஆங்கில எழுத்துல குடுக்குற ஃபீல்டா வச்சுடுங்கன்னுதான் நான் சொல்லுவேன். தமிழ் லிங்க்தான் வேணும்னு நிக்கிறவங்க சொந்தமா ஒரு ஸ்லக் ஃபங்ஷன் எழுதி, தமிழ் யூனிகோட் ரேஞ்ச விட்டு வச்சு, கன்வர்ட்டர ஸ்ட்ரிங்குக்கு மாத்தணும். பழைய வேர்ட்பிரஸ்லருந்து வர்ற தமிழ் ஸ்லக் பாதில வெட்டுப்பட்டிருந்தா பயப்படாதீங்க, அங்க டேட்டாபேஸ்ல ஸ்லக்குக்கு இருக்கிற இடம் 200 கேரக்டர்தான், என்கோட் பண்ணினா தமிழ் குறி ஒண்ணுக்கு 9 கேரக்டர் போகும், அப்பவே வெட்டினதுதான். ரீடைரக்ட் போடுறப்ப அந்த வெட்டுப்பட்ட லிங்க்க அப்படியே எடுத்துக்கங்க.

## காண்டாக்ட் ஃபார்ம் நன்றி சொல்லுது, மெயில் வரல

ஃப்ரீலான்சருக்கு இதுதான் வயித்துல அடிக்கிற பிரச்சனை, சத்தமே இல்லாம மாசக்கணக்கா என்கொயரி போயிட்டு இருக்கும். அதனால மெயில் அனுப்புறதுக்கு முன்னாடி மெசேஜ டேட்டாபேஸ்ல சேவ் பண்ற மாதிரி முதல்ல மாத்திடுங்க, அப்புறம் நிதானமா தேடலாம்.

ஸ்பேம் பாருங்க. அடுத்து செட்டிங்ல இமெயில் பேக்கெண்ட் கன்சோல்னு இருக்கான்னு பாருங்க, டெவலப்மென்ட்ல வச்சது அப்படியே வந்திருக்கும், மெயில் எல்லாம் லாக்ல பிரிண்ட் ஆயிட்டு கிடக்கும். ஃபெயில் சைலன்ட்லின்னு கோடுல எங்கயாவது ட்ரூ இருந்தா எடுங்க, அது எரர முழுங்கிடும்.

எரர் தெரிய ஆரம்பிச்சதும் அது என்னங்கறத பொறுத்து வழி பிரியும். டைம்அவுட்னா போர்ட், நிறைய கிளவுட் கம்பெனி 25ஐ அடைச்சு வச்சிருக்கும், சில இடத்துல 587ம் போகாது, அப்ப எச்டிடிபி ஏபிஐ வழியா அனுப்புற மெயில் சர்வீஸ்தான் வழி. பாஸ்வேர்ட் தப்புன்னு ஜிமெயில் சொன்னா, சாதா பாஸ்வேர்ட் இப்ப ஓடாது, டூ ஸ்டெப் ஆன் பண்ணிட்டு ஆப் பாஸ்வேர்ட் எடுக்கணும்.

எரரே இல்ல, ஆனா வந்து சேரலன்னா ஃப்ரம் அட்ரஸ பாருங்க. விசிட்டரோட ஜிமெயில் அட்ரஸயே ஃப்ரம்ல போட்டிருப்பாங்க, உங்க சர்வர் ஜிமெயில் பேர்ல ஆள்மாறாட்டம் பண்ற மாதிரிதான் அது தெரியும். ஃப்ரம்ல உங்க டொமைன் அட்ரஸ், ரிப்ளை-டூல விசிட்டர் அட்ரஸ். உங்க டொமைன் பேர்ல யாரு மெயில் அனுப்பலாம்னு சொல்ற எஸ்பிஎஃப் ரெக்கார்ட்ல பழைய ஹோஸ்ட் இருக்கான்னு பாத்து புதுசுக்கு மாத்துங்க, ரெண்டு எஸ்பிஎஃப் வரி இருந்தா ரெண்டும் செல்லாது, ஒண்ணா சேருங்க. 2024 பிப்ரவரிலருந்து எஸ்பிஎஃப், டிகிம் (மெயில்ல போடுற டிஜிட்டல் கையெழுத்து) ரெண்டுல ஒண்ணாவது இருக்கணும்னு ஜிமெயில் எல்லார்கிட்டயும் கேக்குது.

### ஃபார்ம் மட்டும் இல்ல, டொமைன் மெயிலே நின்னு போச்சு

நேம்சர்வர மாத்துனப்ப, மெயில் எந்த சர்வருக்கு போகணும்னு சொல்ற எம்எக்ஸ் ரெக்கார்ட் புது இடத்துக்கு வரல. உங்க மெயில் சர்வீஸோட ஹெல்ப் பேஜ்ல இருக்கிறத பாத்து போடுங்க. பழைய மெயில்பாக்ஸ் அந்த ஷேர்டு ஹோஸ்டிங்லயே இருந்துச்சுன்னா அத கேன்சல் பண்றதுக்கு முன்னாடி ஆள வச்சு மெயில மாத்துங்க, வருஷக்கணக்கான கிளையண்ட் மெயில் அது, விளையாடாதீங்க.

## அட்மின்குள்ள போக முடியல, போனாலும் போட்டோ ஏறல

லாகின்ல 403, கூடவே சிஎஸ்ஆர்எஃப்னு (வேற சைட்லருந்து வர்ற போலி ரிக்வெஸ்ட்ட தடுக்குற செக்) வந்தா ட்ரஸ்டட் ஆரிஜின்ஸ்ல டொமைன சேருங்க. 2021 டிசம்பர்ல வந்த ஜாங்கோ 4.0லருந்து எச்டிடிபிஎஸ் முன்னாடி சேத்து எழுதணும், பழைய ப்ராஜெக்ட்ல வெறும் டொமைன் இருக்கும். போட்டோ ஏத்துறப்ப 413னா என்ஜின்எக்ஸ் 1 எம்பிக்கு மேல விடாது, கிளையண்ட் மேக்ஸ் பாடி சைஸ 20 எம்பி ஆக்குங்க.

## கூகுள்ல காணோம்

கூகுள தடுக்குற ரெண்டு இடத்த பாருங்க, முதல்ல ரோபாட்ஸ் ஃபைல், அப்புறம் பேஜ் சோர்ஸ்ல நோஇண்டெக்ஸ். டெஸ்ட் பண்ற ஸ்டேஜிங் சைட்ல வச்ச பூட்டு லைவுக்கும் வந்திருக்கும். அடுத்து பழைய லிங்க் பத்து எடுத்து திறந்து பாருங்க, 404 அடிச்சா ஒவ்வொண்ணுக்கும் அதே விஷயம் இருக்கிற புது பேஜுக்கு 301 (நிரந்தர ரீடைரக்ட்) போடுங்க. எல்லாத்தையும் ஹோம் பேஜுக்கு தள்ளிவிடுற சோம்பேறி வேலை பலிக்காது, கூகுள் அத 404 மாதிரிதான் எடுத்துக்கும். ரீடைரக்ட்ட ஒரு வருஷமாவது எடுக்காதீங்க.

ரிசல்ட்ல உங்க பேர் கீழ சூதாட்டம், ஜப்பானிய எழுத்துன்னு பேஜ் வந்தா இது மைக்ரேஷன் பிரச்சனை இல்ல, பழைய வேர்ட்பிரஸ் ஹேக் ஆயிருக்கு, அந்த அழுக்கு உங்க டம்புலயும் இருக்கலாம். உடனே ஆள கூப்பிடுங்க.

## முதல் தடவ திறக்க ஒரு நிமிஷம் ஆகுது

ஃப்ரீ பிளான். ரெண்டர்ல 15 நிமிஷம் யாரும் வரலன்னா சர்வீஸ் தூங்கிடும், எழுப்ப ஒரு நிமிஷம் கிட்ட ஆகும். வேலை குடுக்க வர்றவங்க அவ்ளோ நேரம் நிக்க மாட்டாங்க, குறைஞ்ச காசு பிளானுக்கு மாறுங்க. எப்பவுமே ஸ்லோன்னா நெட்வொர்க் டேப்ல சைஸ் வாரியா அடுக்கிப் பாருங்க, 8 எம்பி ஒரிஜினல் போட்டோவ தம்ப்நெயில் கட்டத்துல சுருக்கி காட்டிட்டு இருப்பீங்க. வெப்பி (WebP) ஃபார்மட்ல சின்ன சைஸ் தனியா எடுத்து வைங்க. சர்வர பெருசு பண்றது இதுக்கு மருந்தே இல்ல.

## ஆள கூப்பிடறப்போ என்ன குடுக்கணும்

எந்த அறிகுறி, எப்பலருந்து, அதுக்கு முன்னாடி கடைசியா எத மாத்தினீங்க, இந்த மூணும் எழுதி, லாக்க டெக்ஸ்ட்டா, டிஎன்எஸ் பேனல ஸ்க்ரீன்ஷாட்டா அனுப்புங்க. அரை நாள் வேலை ஒரு மணி நேரமா குறையும், பில்லும் குறையும். ரூட் பாஸ்வேர்ட வாட்ஸப்ல போடாதீங்க, அவரோட எஸ்எஸ்எச் பப்ளிக் கீய வாங்கி சர்வர்ல சேத்துடுங்க, வேலை முடிஞ்சதும் அந்த வரிய அழிச்சுடுங்க. டொமைன் ரெஜிஸ்ட்ரார் லாகின் மட்டும் எப்பவும் உங்க பேர்லயே, உங்க மெயில்லயே இருக்கட்டும், பழைய டெவலப்பர் பேர்ல இருந்துச்சுன்னா மத்த எதையும் தொடுறதுக்கு முன்னாடி அத மாத்தி வாங்குங்க.